பட்டறைத் தூசியும் பாபாசாகேப் அம்பேத்கரும்

நாமக்கல் என்றால் லாரி. லாரி என்றால் பட்டறை. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மில் படிந்த பொடியைக் காற்றடித்து ஊதும் இளைஞனை அங்கே நாள்தோறும் காணலாம். பிரேக் லைனர்கள் நெடுங்காலம் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார் கலந்தே செய்யப்பட்டன. அதன் நுண்ணிழை கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலில் தங்கி, 20, 30 ஆண்டுகள் கழித்து மூச்சுத்திணறலாய், புற்றுநோயாய்த் தலைகாட்டும். அந்த இளைஞனைப் போன்றோருக்காக வாதாடிய டாக்டர் அம்பேத்கர் அவர்களை இங்கே நினைவுகூர்வது பொருத்தம்.

1891 ஏப்ரல் 14இல், மாவ் என்னும் ஊரில், சுபேதார் ராம்ஜியின் மகனாய்ப் பிறந்தார் பீமராவ். பள்ளியிலே அவர் உட்காரத் தனிக் கோணி! பின்னர் கொலம்பியாவும் லண்டனும் பட்டங்கள் தந்தன. பட்டம் பெற்று வந்தவர் குடியிருந்ததோ பம்பாய்ப் பரேலில், ஆலைத் தொழிலாளர் நடுவே!

அங்கே கண்டது என்ன? கூலி அதிகமுள்ள நெசவுப் பகுதியில் ஒடுக்கப்பட்டோருக்கு இடமில்லை. நூலை வாயால் தொட வேண்டுமாம், தீட்டாகிவிடுமாம்! 1928 வேலைநிறுத்தத்தின்போது அந்தத் தடை நீங்க வேண்டும் என்று வற்புறுத்தினார். யாருக்கு எந்த வேலை என்று சாதி வகுக்கிறபோது, யாருக்கு எந்த ஆபத்து என்பதையும் அதுவே வகுத்துவிடுகிறது. இதை உணர்ந்தவர், 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார்.

1942இல் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். மேசையோடு நின்றாரா? இல்லை! 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை என்ற தொழிற்சாலைத் திருத்த மசோதாவை 1946இல் கொண்டுவந்தார். பின்னர் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார். 1956 டிசம்பர் 6இல் மறைந்தார்.

மறைந்தாலும் அவர் பணி நின்றதா? 1995இல், கல்நார்த் தொழிலாளர் வழக்கிலே, தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டம் தந்த வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலை முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது.

ஆனால் நம் பட்டறை இளைஞனுக்குப் பதிவேடு ஏது? சேலத்து மாக்னசைட் சுரங்கத்துக்குப் பாதுகாப்பு அதிகாரி வருவார். நாலு பேர் உழைக்கும் பட்டறைக்கு யார் வருவார்? 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, மின்விசை இருந்தால் 10 பேர் உள்ள இடமே தொழிற்சாலை. 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்போ அதை 20 ஆக்கிவிட்டது! எல்லை உயர்ந்தது, காப்பு சுருங்கியது. ஆயினும், ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவித்தால், எண்ணிக்கை பாராமல் சட்டம் பாய அத்தொகுப்பிலேயே வழி உண்டு. கல்நார்த் தூசி படியும் பட்டறைகளை அப்படி அறிவிக்கட்டும்! காற்றடித்து ஊதுவதை விடுத்து, ஈரத் துணியால் துடைக்கும் முறை கட்டாயமாகட்டும்!

டாக்டர் அம்பேத்கருக்குச் சிலைதோறும் மாலை சூட்டுவோர், அந்தப் பட்டறை வாசலுக்கும் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.