வலியைப் போற்றிய மருத்துவர்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் சமயத் தொண்டும் மருத்துவத் தொண்டும் புரிந்துவந்த ஆங்கிலேய இணையரின் மகனாக 1914ஆம் ஆண்டு பிறந்தார் பால் பிராண்ட். மலைச் சிறுவர்களோடு ஓடியாடி வளர்ந்த அவர், ஒன்பதாம் வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தை 1929இல் காய்ச்சலுற்று மலையிலேயே மறைந்தார். இளமையில் மருத்துவத்தின்பால் நாட்டமின்றிக் கட்டடத் தொழிலையே பிராண்ட் முதலில் பயின்றார். தச்சும் கொத்தும் பழகிய அந்தக் கைகளே பின்னர் அறுவைக் கத்தியை ஏந்தின. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார்.

அடுத்த ஆண்டு, செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய இராபர்ட் காக்ரேன் தம் நோயாளிகளை அவருக்குக் காட்டினார். விரல்கள் மடங்கிப்போன ஒருவரின் கையைப் பிராண்ட் பற்றினார். அந்நோயாளி திருப்பிப் பற்றிய பிடியில் பிராண்டின் கை நொந்தது. பயனற்றதெனக் கைவிடப்பட்ட கையில் வலிய தசைகள் எஞ்சியிருந்தன! நலமாயுள்ள தசையின் நாணை இடம்மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவம் வேலூரில் வளர்ந்தது இதன் பின்னரே.

ஆனால், நிமிர்ந்த விரல்களும் புண்ணாகிக் குறைந்தன. நோயினால் சதை தானே அழுகுகிறது என்பது அக்கால நம்பிக்கை. ஒருநாள், துருவேறிய பூட்டொன்றைத் திறக்க இயலாமல் பிராண்ட் திணறினார். நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகித் திறந்தான். அவன் விரலில் எலும்பு தெரியுமளவுக்குச் சதை கிழிந்திருந்தது. அவனோ அதனை அறியவேயில்லை. இரவில் உறங்கியவர்களின் விரல்கள் விடியலில் குறைந்திருந்த புதிரும் பிறகு அவிழ்ந்தது, எலிகள் கடித்திருந்தன. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. நோய் பறிப்பது உணர்வை. உறுப்பைப் பறிப்பது கவனிக்கப்படாத காயம் என்று பிராண்ட் தெளிந்தார்.

அவரையே ஓர் இரவு இவ்வுண்மை நடுங்கச் செய்தது. இங்கிலாந்தில் நெடுந்தொலைவு தொடர்வண்டியில் பயணம் செய்து இறங்கியவர், தம் குதிகாலில் உணர்வில்லாததைக் கண்டு ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. தொழுநோய் தம்மையும் பற்றியதென்று உறங்காது கிடந்தார். விடிந்ததும் மீண்டும் குத்த, சுரீரென வலித்தது. அசையாது அமர்ந்திருந்ததால் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவே. அந்த வலியைப்போல் அவரை மகிழ்வித்தது வேறில்லை.

கைகளைவிடப் பாதங்களே அவருக்குப் பெரும் சவாலாயின. உடலின் சுமை முழுவதும் ஓரிடத்தில் அழுந்தாமல் பரவும்படி மென்மையான இரப்பர் காலணிகளை வேலூரிலும் கரிகிரியிலும் அவரும் உடன்பணியாற்றியோரும் உருவாக்கினர். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, நீரிழிவு நோயாளிகளின் பாதங்களிலும் அதே புண்களைக் கண்டார். குருதியோட்டக் குறைவே அனைத்திற்கும் காரணமென்று அங்கு எண்ணியிருந்தனர். பல நோயாளிகளின் பாதங்களில் போதிய குருதியோட்டம் இருந்தது. மிகுதியான சர்க்கரையால் நலிந்த நரம்புகள்தாம் வலியை உணர்த்தவில்லை.

காலணிக்குள் கிடக்கும் சிறு கல்லை நலமுள்ளவர் உடனே உதறிவிடுவார். பென்னலூர், ஒரகடம் பகுதி ஆலைகளில் கனத்த காலணியுடன் நின்று உழைக்கும் ஒருவருக்கு நீரிழிவால் பாதம் மரத்திருப்பின், அக்கல் நாள்முழுதும் உறுத்தினாலும் தெரியாது. கூரிய பொருள்தான் வேண்டுமென்பதில்லை. மெல்லிய அழுத்தமும் ஒரே இடத்தில் ஆயிரமாயிரம் முறை விழுந்தால் அங்குத் தோல் சூடேறிச் சிவந்து பின்னர்ப் புண்ணாகும் என்று பிராண்ட் ஆய்ந்து காட்டினார். புண்பட்ட பாதத்தைச் சுற்றி மாவுக்கட்டு வார்த்து அழுத்தத்தைப் பகிர்ந்தளித்தபோது, ஆறாதெனக் கைவிடப்பட்ட புண்களும் ஆறின. காலை வெட்டி நீக்கும் நிலை பலருக்குத் தவிர்ந்தது.

நாள்தோறும் பாதங்களைக் கண்ணால் பார்த்தல், அணியுமுன் காலணியின் உட்புறத்தைக் கையால் தடவுதல் என எளிய பழக்கங்களையே அவர் நோயாளிகளுக்குக் கற்பித்தார். எந்த நீரிழிவு நோயாளி வந்தாலும் காலணியையும் காலுறையையும் கழற்றச் சொல்லிப் பார்க்க வேண்டுமென்று மருத்துவர்களை வற்புறுத்தினார். 2003ஆம் ஆண்டு சியாட்டில் நகரில் அவர் மறைந்தார். இன்றும் நீரிழிவு மருத்துவமனைகளில் நோயாளியின் உள்ளங்காலை மெல்லிய நைலான் இழையால் தொட்டு, உணர்வு உள்ளதா என்று சோதிக்கின்றனர்.