ஊமைத்துரை

கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே, கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த ஊர் பாஞ்சாலங்குறிச்சி. அதன் பாளையக்காரனாகிய கட்டபொம்மன் 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அவன் தம்பி குமாரசாமி. திருந்தப் பேசும் ஆற்றல் வாய்க்காமையால் ஊமைத்துரை என்றே அவன் வழங்கப்பெற்றான்.

பாளையங்கோட்டைச் சிறையில் அடைபட்டிருந்த ஊமைத்துரை, 1801 பிப்ரவரித் திங்களில் தப்பி வெளியேறினான். கும்பினியார் இடித்துத் தள்ளிய கோட்டை சின்னாட்களில் மீண்டும் எழுந்தது. மார்ச்சு இறுதியில் அதனைத் தாக்கிய ஆங்கிலப் படை பேரிழப்புற்றுப் பின்வாங்கியது.

மெலிந்த மேனியன், நோயுற்றவன் போன்ற தோற்றத்தன். அவனை எதிர்த்துப் பொருத வெல்ஷ் என்னும் படைத்தலைவரே அவனை வியந்து எழுதியுள்ளார். சிறு வைக்கோல் துண்டுகளை ஊமைத்துரை இடக்கையில் பரப்புவான். அவை ஆங்கிலப் படை. வாயால் ஓர் ஒலி எழுப்பி, வலக்கையால் அவற்றைத் துடைத்தெறிவான். வீரர்க்கு அதுவே ஆணை. மக்கள் அவனைச் சாமி என்றே அழைத்தனர்.

சுவிட்சர்லாந்து நாட்டு உளநூலறிஞர் யூங் (1875–1961) கூறிய கொள்கை ஒன்று இங்கு எண்ணத்தக்கது. ஒவ்வொருவர் நினைவுக்கும் அடியில் மாந்தர் அனைவர்க்கும் பொதுவான ஆழ்மனம் உண்டு; அதனுள் தாய், வீரன் முதலிய தொல்படிமங்கள் உறைகின்றன; அவையே கனவாகவும் புராணமாகவும் வெளிப்படுகின்றன என்றார் அவர். கோடையில் மேலே வெடித்துக் கிடக்கும் கரிசல் மண், அடியில் ஈரம் காப்பது போன்றது அது. இக்கொள்கையை ஏலாத அறிஞரும் உளர். எனினும், பேசாத் தெய்வத்தின் குறிப்பறிந்து ஒழுகிய மக்கள், பேசாத இவ்விளைஞனிடத்தும் அத்தெய்வ வடிவையே கண்டனர் போலும்!

1801 மே 24-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. ஊமைத்துரை புண்பட்டு வெளியே வீழ்ந்து கிடந்தான். அங்குத் தன் மகனைத் தேடி வந்தாள் ஒரு தாய். குற்றுயிராய்க் கிடந்த மகன், தன்னை விடுத்து, அருகே கிடக்கும் சாமியைக் காக்குமாறு வேண்டினான். அவள் மறுக்கவில்லை. பெற்ற மகனை விடுத்துச் சாமியைத் தன் இல்லத்துக்குக் கொண்டு சென்றாள்.

எட்டையபுரத்துப் படைவீரர் தேடி வந்தபோது, ஊமைத்துரையின்மேல் துணி போர்த்தப்பட்டிருந்தது. பெண்டிர் ஒப்பாரி வைத்தனர். இளைஞன் பெரியம்மையால் இறந்தான் எனக் கேட்டதும் வந்தவர் விரைந்து அகன்றனர். நோய் தொற்றும் என்ற அச்சம் அவர்க்கு இருந்திருக்கும். ஆயினும் அம்மை என்பது அந்நிலத்தார்க்கு வெறும் நோயன்று, மாரியின் வருகை. காத்தவளும் தேடியவரும் ஒரே தாயின் வடிவை உள்ளத்தே கொண்டிருந்தனர். பகைவரின் வாளுக்கு அங்கு வேலை இல்லாதொழிந்தது.

உயிர் பிழைத்த ஊமைத்துரை சிவகங்கைச் சீமை சென்று மருது சகோதரருடன் சேர்ந்து போரிட்டான். காளையார்கோவில் வீழ்ந்தபின் பிடிபட்டு, 1801 நவம்பர் 16-ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டான். கும்பினியார் கோட்டையை மீண்டும் தரைமட்டமாக்கி, ஊரின் பெயரையும் ஆவணங்களினின்று நீக்கினர். 1974-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு அங்கு ஒரு நினைவுக்கோட்டை எழுப்பியது. ஊரின் பெயர் இன்றும் பாஞ்சாலங்குறிச்சியே.