ஆலைவாயிலில் தமிழ்த்தென்றல்

துள்ளத்தில் 1883இல் பிறந்து 1953இல் மறைந்த திரு.வி.க.வைத் தமிழ்ப் பெரியாராகவே நம்மில் பலரும் அறிவோம். பெரம்பூரில் 1918 ஏப்ரலில் ஆலைத் தொழிலாளர்க்கெனச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, வாடியாவுக்குத் துணைநின்றவர் அவர். அவ்வாண்டே மனைவி கமலாம்பிகையை இழந்தார். சங்கப் பணியை விட்டாரில்லை.

பெருஞ்சோதனை 1921இல் வந்தது. பின்னி ஆலை வேலைநிறுத்தம் திங்கள் கணக்கில் நீள, ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அவர்களைக் கருங்காலிகள் எனல் எளிது. ஊருக்குள் ஒதுக்கப்பட்டவன், ஆலைவாயிலில் மட்டும் எவ்வாறு உடன்பிறப்பாவான்? சங்க வரலாறு பேசுவோர் பலர் இவ்வினாவை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

நாடுகடத்துவதாக ஆளுநர் வில்லிங்டன் அச்சுறுத்தியும் திரு.வி.க. அசையவில்லை. 1947 ஆலைப் போராட்டத்தின்போது அவரை வீட்டுக்காவலில் வைத்தது காங்கிரஸ் அரசு. 1926இல் அக்கட்சியின் தமிழ்நாட்டுத் தலைவராயிருந்தவர் அவர்.