கங்காணி உலகைக் கலக்கிய நடேசய்யர்!

தேங்காய்ப்பட்டணத்துத் தோழர்களே! அரபு வணிகரின் கலங்கள் வந்த கரை உங்கள் கரை. இன்று அதே அரபு நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, கடிதம் வருமா, காசு வருமா என்று தாய்மார் ஏங்கும் கரையும் அதுதான். பிழைக்கப் போனவர்களுக்காகப் போராடிய ஒருவரின் வரலாற்றை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வோம்?

1887-ல் தஞ்சைத் தரணியிலே பிறந்தவர் கோ. நடேசய்யர். பெயரிலே ஐயர், பணியிலே பாட்டாளியின் தோழர்! 1915-ல் இலங்கை சென்றார். தேயிலைத் தோட்டத்துத் தமிழனின் வாழ்வைக் காண விரும்பினார். வெள்ளைத் துரைமார் வெளியாரை விடுவார்களா? துணி வியாபாரியாக வேடமிட்டு நுழைந்தார். கண்டது என்ன? கப்பல் செலவே கடன், கடனே கால்விலங்கு! கடன் தொகையைத் துண்டுச் சீட்டிலே எழுதுவார்கள். அதைத் தீர்க்கும் தோட்டத்துக்குத் தொழிலாளி போவான். மாடு கைமாறுவதுபோல மனிதன் கைமாறினான்! அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921-ல்தான்.

கொழும்பிலே தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவுடன் தோளோடு தோள் நின்றார். குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார், நடேசய்யர் பிரிந்தார். 1931-ல் அட்டனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கண்டார். துணைவியார் மீனாட்சியம்மை மேடையிலே பாடினார். எழுத்தறியாதவன் காதுக்கும் உரிமை எட்டியது. 1936-ல் அட்டன் தொகுதியிலே வென்று அரசாங்க சபை புகுந்தார். 1947-ல் மறைந்தார்.

மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலையை வளர்த்தவன் நாடற்றவன் ஆனான்! 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. பங்கிடப்பட்டவர்களை யார் கேட்டார்கள்? அண்ணன் அக்கரை, தம்பி இக்கரை! அப்படி வந்தவர்கள் பலருக்கு வாழ்வளித்தவைதாம் நம் குமரி மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்கள்.

தோழர்களே! இன்று வடநாட்டுத் தொழிலாளி நம் ஊர்க் கட்டடத்திலே சாந்து சுமக்கிறான். நம் பிழைப்பைக் கெடுக்க வந்தவன் என்று முணுமுணுப்போர் உண்டு. குறைந்த கூலிக்கு அவனை அமர்த்துபவன் யார்? ஆதாயம் அடைபவன் யார்? அவனை விட்டுவிட்டு, சுமப்பவன் மீதா சீற்றம்? கொழும்பிலே நடந்த அதே தவறு குமரியிலும் நடக்கலாமா?

வளைகுடாவிலே நம் மகனுக்கு நியாயம் கேட்கிறோம். மாற்றான் மகனுக்கு இங்கே அதை மறுக்கலாகாது. அவனையும் சங்கத்திலே சேருங்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி கேளுங்கள். நடேசய்யருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே!