பல்லாவரத்துக் கல்

நம் நாட்டின் தொன்மையை ஏட்டிலும் கல்வெட்டிலும் தேடுதல் தமிழ் மாணவரின் வழக்கம். எழுத்தே இல்லாத ஒரு கல்லில் அதனைக் கண்டவர் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் ஆங்கிலப் பெரியார்.

அவர் 1834-ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள செல்ட்டன்ஹாம் நகரிற் பிறந்தார். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிற் சேர்ந்து சென்னை மாகாணத்திற் பணியாற்றலானார். மண்ணையும் மலையையும் ஆராய்ந்தறிதல் அவர் தொழில். சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை, தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களின் நிலவமைப்பைக் குறித்து அவரும் வில்லியம் கிங் என்பாரும் எழுதிய நூல் 1864-இல் வெளிவந்தது. ஆதலின் துறையூரைச் சூழ்ந்த நம் நிலமும் அவர் ஆராய்ச்சிக்குப் புறம்பானதன்று. ஆறுமுக நாவலரின் துணைகொண்டு யாழ்ப்பாணத்தில் வேதாகமத்தைத் தமிழிற் பெயர்த்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார் இவருக்கு மாமனாராவார்.

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில், பட்டாளத்துப் பயிற்சி மைதானத்தை அடுத்த ஒரு சரளைக் குழியிற் கிடந்த கல்லொன்று அவர் கண்ணிற் பட்டது. அஃது இயற்கையில் உடைந்ததன்று. பண்டை மனிதன் செதுக்கிய கைக்கோடரி. அதே ஆண்டு செப்டம்பரில், கிங் என்பாருடன் அதிரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளைக் கண்டார்.

இதனைத் தற்செயல் என்பர். ஆயினும், பிரான்சு தேயத்துச் சோம் ஆற்றங்கரையிற் கிடைத்த கற்கருவிகள் மனிதன் செய்தவையே என ஆங்கில அறிஞர் 1859-இல் ஒப்புக்கொண்ட செய்தியை அவர் அறிந்திருந்தார். பலர் மிதித்துச் சென்ற கல், அறிந்த கண்ணுக்கே கருவியாயிற்று.

உலகம் தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என அந்நாளிற் கிறிஸ்தவருட் பலர் கணக்கிட்டிருந்தனர். இக்கற்களோ அக்கணக்கில் அடங்கவில்லை. அதிரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழையன என 2011-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. தவறியது மனிதர் இட்ட கணக்கே; படைத்தவரின் மகிமை அதனாற் குறைந்ததில்லை. உண்மையைத் தேடும் விசுவாசி மண்ணைத் தோண்டுதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

1891-இல் அரசாங்கப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னரும் அவர் தேடல் ஓயவில்லை. அவர் திரட்டிய தொல்பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் உயிர் நீத்தார். ஏடுகளைக் கற்கும் நாம், நம் காலடியிற் கிடக்கும் இப்பழைய ஏட்டையும் கற்போமாக.