நடக்கும் வெண்கலம்

இத்தாலியிலிருந்து வந்த என் பழைய மாணாக்கனொருவன் 20 சத யூரோ நாணயமொன்றை என் கையில் வைத்தான். அதிலே ஓர் உருவம். முகமில்லை, கைகளுமில்லை, ஆயினும் விரைந்து நடக்கின்றது. அதனை ஆக்கியவர் உம்பெர்த்தோ பொச்சியோனி.

1882இல் தென்னித்தாலியின் ரெச்சியோ கலாபிரியாவிற் பிறந்த இவர், முதலில் ஓவியராகவே அறியப்பட்டார். 1912இற் பாரிசிலுள்ள சிற்பக்கூடங்களைக் கண்டபின் சிற்பத்தின்பால் மனஞ் செலுத்தினார். அவ்வாண்டே அறிக்கையொன்று வெளியிட்டு, பளிங்கும் வெண்கலமுமே உயர்ந்தவை என்னுங் கொள்கையைக் கடிந்தார். கண்ணாடி, மரம், இரும்பு, சீமெந்து யாவுஞ் சிற்பத்துக்கு ஆகும் என்றார்.

நாணயத்திற் காணும் உருவத்தை 1913இல் அவர் சாந்தினாற் செய்தார். தசையும் எலும்புமாக உடலைக் காட்டாது, நடையின் வேகத்தையே வளைந்த தகடுகளாகவும் கூரிய விளிம்புகளாகவும் பின்னோக்கிப் பறக்கவிட்டார். பாதங்கள் இரு கட்டைகளில் ஊன்றியுள்ளன. கோணமும் வளைவும் மிகுந்த இவ்வுருவில் மனிதன் மறைந்துவிட்டான் என்பார் உளர். யான் உடன்படேன். அத்தொடையைப் பாருங்கள், மனிதனையன்றி வேறு யாரை அங்கே காண்கின்றீர்கள்?

போரைப் புகழ்ந்த எதிர்காலவாதிகளுள் இவரும் ஒருவர். அது எனக்கு உவப்பன்று. 1915இல் தாமே விரும்பிப் படையிற் சேர்ந்தார். 1916 ஆவணியில் வெரோனா நகரருகே பயிற்சியின்போது குதிரையினின்றும் வீழ்ந்து இறந்தார். அப்பொழுது வயது 33.

அவருடைய சாந்துருவங்கள் பல பின்னர் அழிந்தன. எஞ்சிய இதனை 1931இலேதான் முதன்முதல் வெண்கலத்தில் வார்த்தனர். பொச்சியோனி அவ்வார்ப்பைக் கண்டதேயில்லை. மூலமான சாந்துருவம் இன்று பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோ நகரில் இருக்கின்றது.