ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கியவர் ஆவிகளை நம்பியது ஏன்? - கோனன் டாயிலின் மறுபக்கம்

1922-ம் ஆண்டு, ஜூன் 2. நியூயார்க்கில் அமெரிக்க மேஜிக் கலைஞர்கள் சங்கத்தின் விருந்து. வந்திருந்த எல்லோருமே அடுத்தவர் கண்ணைக் கட்டி வித்தை காட்டுபவர்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே, பெரிய மீசையும் கனத்த உடம்புமாக ஒரு 63 வயதுக்காரர் எழுந்து, ஒரு சினிமாவைத் திரையிட்டார். திரையில் டைனோசர்கள்! மேய்ந்தன, நடந்தன, ஒன்றோடொன்று சண்டை போட்டன. இது எங்கே எடுத்த படம், எப்படி எடுத்த படம் என்று அவர் எதுவுமே சொல்லவில்லை. அத்தனை மேஜிக்காரர்களும் வாயைப் பிளந்தார்கள். மறுநாள் 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் செய்தி.

அதன் பிறகுதான் அவர் குட்டை உடைத்தார். அவர் எழுதிய 'தி லாஸ்ட் வேர்ல்டு' நாவல் சினிமாவாகிக்கொண்டிருந்தது. அதற்காக வில்லிஸ் ஓ'பிரையன் என்ற கலைஞர் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்த சோதனைக் காட்சிகள் அவை. இதே ஓ'பிரையன்தான் 1933-ல் 'கிங் காங்' குரங்குக்கும் உயிர் கொடுத்தார்.

வித்தைக்காரர்களுக்கே வித்தை காட்டிய அந்த மனிதர், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த சர் ஆர்தர் கோனன் டாயில். கேமரா எவ்வளவு அழகாகப் பொய் சொல்லும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால், அதே 1922-ல் அவர் ஒரு புத்தகமும் வெளியிட்டார். இரண்டு சிறுமிகள் எடுத்த புகைப்படங்களில் இருக்கும் குட்டி தேவதைகள் நிஜம்தான் என்று வாதாடும் புத்தகம்!

எப்படிங்க இது? ஹோம்ஸ் ரசிகர்களை இன்றுவரை குடையும் கேள்வி இது. மகன் இறந்த துக்கத்தில் மனம் உடைந்து ஆவிகளை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அவர் வாழ்க்கையைத் தேதி வாரியாகப் பார்த்தால், அந்தப் பதில் சரியாகப் பொருந்தவில்லை.

அப்பா வரைந்த தேவதைகள்

1859 மே 22-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார் டாயில். அப்பா சார்லஸ் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நன்றாக ஓவியம் வரைவார். ஆனால், குடி அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டது. கடைசி ஆண்டுகளை மனநலக் காப்பகங்களில் கழித்து 1893-ல் இறந்தார். காப்பகத்தில் இருந்தபோதும் அவர் விடாமல் வரைந்தவற்றில் குட்டி தேவதைகளும் உண்டு. பெரியப்பா ரிச்சர்டு டாயில், தேவதைப் படங்களுக்காகவே இங்கிலாந்தில் பெயர் வாங்கியவர். தேவதைகள் டாயில் வீட்டுக்குப் புதிதல்ல.

எடின்பரோவில் மருத்துவம் படித்தார் டாயில். நோயாளி உள்ளே நுழையும்போதே நடையையும் உடையையும் பார்த்து, அவர் என்ன வேலை செய்கிறார், எங்கிருந்து வருகிறார் என்று சொல்லிவிடும் டாக்டர் ஜோசப் பெல் அங்கே அவருக்குப் பேராசிரியர். ஹோம்ஸுக்கு விதை அவர்தான். படிப்பின் நடுவே 1880-ல் ஆர்க்டிக் பகுதிக்குப் போன திமிங்கில வேட்டைக் கப்பலில் டாக்டராகப் போய் வந்தார். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத மனிதர்!

கோல்போஸ்ட்டில் நின்ற 'ஸ்மித்'

1882-ல் போர்ட்ஸ்மத் நகரின் சவுத்சீ பகுதியில் கிளினிக் திறந்தார். கூட்டம் வரவில்லை. கிடைத்த நேரத்தில் கதை எழுதினார், மீதி நேரத்தில் மைதானத்தில் கிடந்தார். உள்ளூர் அமெச்சூர் கால்பந்து அணிக்கு ஏ.சி.ஸ்மித் என்ற பெயரில் கோல்கீப்பர். முதல் ஹோம்ஸ் கதையான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' 1887-ல் வெளியானது. மொத்த உரிமையையும் வெறும் 25 பவுண்டுக்கு விற்றிருந்தார்.

இங்கேதான் ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். அதே 1887-ல், அதே சவுத்சீயில், மேஜையைச் சுற்றி அமர்ந்து ஆவிகளை அழைக்கும் அமர்வுகளுக்கு டாயில் போய்க்கொண்டிருந்தார். அந்த அனுபவத்தைப் பற்றி 'லைட்' என்ற ஆவியுலகப் பத்திரிகைக்குக் கடிதமும் எழுதினார். 1893-ல் அமானுஷ்ய விஷயங்களை ஆராயும் சங்கத்தில் உறுப்பினரானார். அதாவது, ஹோம்ஸும் ஆவி ஆர்வமும் அவர் வாழ்க்கையில் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். அப்போது அவர் மகன் கிங்ஸ்லி பிறக்கவே இல்லை.

கிரேஸ் விக்கெட்

எழுத்தில் பணமும் புகழும் வந்தபிறகும் மைதானத்தை விடவில்லை. கிரிக்கெட்டில் எம்.சி.சி அணிக்காக 10 முதல்தரப் போட்டிகளில் ஆடினார். அதிகபட்ச ஸ்கோர் 43. எடுத்தது ஒரே ஒரு விக்கெட். ஆனா, அது யாருடைய விக்கெட் தெரியுமா? டபிள்யூ.ஜி.கிரேஸ்! 1900-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில், சதம் தாண்டி ஆடிக்கொண்டிருந்த கிரேஸை அவுட்டாக்கினார். அந்தச் சந்தோஷம் தாங்காமல் அதைப் பற்றி ஒரு நீண்ட கவிதையே எழுதினார்.

'பீட்டர் பான்' எழுதிய ஜே.எம்.பேரி, எழுத்தாளர்களைச் சேர்த்து நடத்திய 'அல்லாஹக்பாரீஸ்' என்ற ஜாலி அணியிலும் ஆடினார். லார்ட்ஸில் ஒருமுறை வேகமாக வந்த பந்து தொடையில் பட்டு, பாக்கெட்டில் இருந்த தீப்பெட்டி பற்றிக்கொண்டது. நெருப்பை அணைக்க அவர் ஆடிய ஆட்டத்தைத் தன் சுயசரிதையில் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார்.

பாக்ஸிங், பில்லியர்ட்ஸ், கோல்ஃப் எல்லாம் உண்டு. மனைவி லூயிஸாவுக்குக் காசநோய் வந்தபோது சிகிச்சைக்காக சுவிட்சர்லாந்தின் டாவோஸுக்குக் குடிபோனார். அங்கும் சும்மா இல்லை. நார்வேயிலிருந்து பனிச்சறுக்குப் பலகைகளை வரவழைத்து, உள்ளூர் சகோதரர்கள் இருவருடன் 1894-ல் ஒரு மலைக்கணவாயைக் கடந்து அரோசாவுக்குப் போய்ச் சேர்ந்தார். பனிச்சறுக்கு என்றாலே என்னவென்று தெரியாத ஆங்கிலேயர்களிடம் அதைக் கொண்டுசேர்த்ததில் அவர் எழுதிய கட்டுரைக்கும் பங்கு உண்டு.

1908 லண்டன் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டத்தை 'டெய்லி மெயில்' பத்திரிகைக்காக எழுத உட்கார்ந்திருந்தார். ஸ்டேடியத்துக்குள் முதலில் நுழைந்த இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி, திசை தெரியாமல் தடுமாறி, விழுந்து விழுந்து எழுந்தார். அதிகாரிகள் கைகொடுத்து எல்லைக்கோட்டைத் தாண்டவைத்ததால் தங்கம் பறிபோனது. கைகொடுத்தவர்களில் டாயிலும் ஒருவர் என்று ஒரு கதை சுற்றுகிறது, அது உண்மையல்ல. அவர் செய்தது வேறு. அந்த ஏழை ஓட்டக்காரர் சொந்த ஊரில் ஒரு பேக்கரி வைக்கட்டும் என்று வாசகர்களிடம் நிதி திரட்டினார். 300 பவுண்டு சேர்ந்தது.

எடல்ஜியின் கண்கள்

டாயிலைப் புரிந்துகொள்ள ஒரு வழக்கைப் பார்க்க வேண்டும். ஜார்ஜ் எடல்ஜி, இங்கிலாந்தில் வளர்ந்த இளம் வக்கீல். அப்பா பம்பாயிலிருந்து வந்த பார்சி. கிறிஸ்தவராகி அங்கே பாதிரியாராக இருந்தவர். இரவில் வயல்களில் புகுந்து கால்நடைகளின் வயிற்றைக் கிழித்ததாக 1903-ல் எடல்ஜிக்கு 7 ஆண்டு சிறை விதித்தார்கள். 3 ஆண்டு கழித்து வெளியே விட்டார்களே தவிர, பட்ட பழி போகவில்லை.

1906-ல் லூயிஸா இறந்து, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்த டாயிலின் கவனத்துக்கு இந்த வழக்கு வந்தது. எடல்ஜியைச் சந்திக்க ஒரு ஹோட்டலுக்குப் போனார். எடல்ஜி செய்தித்தாளைக் கண்ணுக்கு மிக அருகே, பக்கவாட்டில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு மோசமான பார்வை உள்ளவர் இருட்டில் வயல் வரப்பெல்லாம் தாண்டிப் போய் கால்நடைகளை வெட்டினாரா? டாயிலுக்கு அந்த நிமிஷமே முடிவு தெரிந்துவிட்டது. பத்திரிகையில் விளாசினார். 1907-ல் எடல்ஜிக்கு மன்னிப்பு கிடைத்தது. அந்த ஆண்டே இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வந்ததற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். அதே ஆண்டு ஜீன் லெக்கியை டாயில் மணந்தபோது, விருந்தினர்களில் எடல்ஜியும் ஒருவர்.

இதில் ஹோம்ஸின் மூளை தெரிகிறது. கூடவே இன்னொன்றும் தெரிகிறது. நேரில் பார்த்த மனிதன் யோக்கியன் என்று மனதில் பட்டுவிட்டால், டாயில் கடைசிவரை அவன் பக்கம் நிற்பார். அமெச்சூர் கிரிக்கெட்டில் வளர்ந்த குணம் அது. எதிரணிக்காரன் கேட்ச் பிடித்தேன் என்றால், பிடித்தான் என்றுதான் அர்த்தம். எடல்ஜி நேர்மையானவர் என்பதால் அந்த நம்பிக்கை ஓர் அப்பாவியைக் காப்பாற்றியது. எல்லோரும் அப்படி இருப்பார்களா?

போர் கொண்டுபோனவர்கள்

முதல் உலகப்போர் அந்தக் குடும்பத்தைச் சூறையாடியது. 1914-ல் மனைவி ஜீனின் தம்பி மால்கம் போரில் போனார். 1915-ல் தங்கையின் ஒரே மகன் ஆஸ்கர். 1916-ல் ஆவியுலகக் கொள்கையை முழுதாக ஏற்றுக்கொண்டதாக டாயில் பகிரங்கமாக அறிவித்தார். மகன் கிங்ஸ்லி அப்போது உயிரோடு இருந்தார். அந்த ஆண்டு சோம் போரில் காயம்பட்ட கிங்ஸ்லி, 1918 அக்டோபரில் இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சலும் நிமோனியாவும் சேர்ந்து இறந்தார். நாலு மாசம்கூட ஆகவில்லை, தம்பி இன்னஸும் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தார்.

ஆக, மகனின் மரணம் அந்த நம்பிக்கையை உண்டாக்கவில்லை. 30 வருடமாக உள்ளே இருந்ததை, இனி விடவே முடியாத ஒன்றாக மாற்றியது. 1919-ல் போர்ட்ஸ்மத்தில் ஓர் இருட்டு அறை. மீடியம் ஒருவரின் வழியாக கிங்ஸ்லியின் குரலைக் கேட்டதாகவும், மகனின் கை தன் தலைமேல் பட்டதாகவும் டாயில் நம்பினார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனிடம், அது பொய் என்று யார் போய்ச் சொல்வது?

அட்டையில் வெட்டிய தேவதைகள்

1917-ல் யார்க்‌ஷையரின் காட்டிங்லி கிராமத்தில் 16 வயது எல்சியும் அவள் உறவுக்காரச் சிறுமி ஃபிரான்சஸும் ஓடைக்கரையில் போட்டோ எடுத்தார்கள். படத்தில் ஃபிரான்சஸைச் சுற்றி குட்டி தேவதைகள் நடனம் ஆடின. இந்தப் படங்கள் எட்வர்டு கார்ட்னர் என்பவரிடம் போய்ச் சேர்ந்தன. நம்ம சென்னை அடையாறைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்ம ஞான சபையின் லண்டன் பிரமுகர் அவர். டாயில் அந்தச் சிறுமிகளை நேரில் பார்க்கவில்லை, கார்ட்னரைத்தான் அனுப்பினார். ஒரு புகைப்பட நிபுணர், நெகட்டிவில் ஒட்டுவேலை இல்லை என்றார். சான்றிதழ் தர மறுத்தது கோடக் நிறுவனம். 1920 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் படங்களோடு டாயிலின் கட்டுரை வந்தது.

நிபுணர் சொன்னது சரிதான். நெகட்டிவில் ஒட்டுவேலை இல்லை. ஒட்டுவேலை ஓடைக்கரையிலேயே நடந்திருந்தது! ஒரு சிறுவர் புத்தகத்தில் இருந்த படங்களைப் பார்த்து வரைந்து, அட்டையில் வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தியிருந்தார்கள். 1983-ல்தான் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். இதில் கொடுமை என்னன்னா, அந்தப் புத்தகத்தில் டாயிலின் கதையும் ஒன்று இருந்தது. உழைக்கும் குடும்பத்துக் கிராமத்துச் சிறுமிகள் இப்படி ஒரு வேலையைச் செய்வார்கள் என்று டாயிலுக்குத் தோன்றவே இல்லை.

ஹூடினி உடைத்த நட்பு

சங்கிலிகளை அறுத்துக்கொண்டு வெளியே வரும் மேஜிக் மன்னன் ஹாரி ஹூடினியும் டாயிலும் நெருங்கிய நண்பர்கள். அந்த டைனோசர் விருந்து நடந்த இரண்டு வாரத்தில், அட்லாண்டிக் சிட்டியில் ஹூடினிக்காக ஓர் அமர்வு. டாயிலின் மனைவி ஜீன், ஹூடினியின் இறந்துபோன அம்மாவிடமிருந்து வருவதாகச் சொல்லி, பக்கம் பக்கமாக எழுதினார். மேலே ஒரு சிலுவைக் குறி. முழுக்க ஆங்கிலம். ஹூடினியின் அம்மா ஒரு யூத குருவின் மனைவி. ஆங்கிலம் அவர் பேசிய மொழியும் இல்லை. போதாததற்கு அன்றைக்கு அம்மாவின் பிறந்தநாள். எழுதிய பக்கங்களில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று ஹூடினி ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோனார். பிறகு வெளிப்படையாக மறுத்தார். நட்பு பத்திரிகைச் சண்டையானது. ஹூடினி சந்தை மேடைகளில் வளர்ந்தவர். கையில் எதை மறைப்பார்கள், எப்படி மறைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். டாயிலோ, தன் மனைவி பொய் சொல்வாள் என்று கனவிலும் நினைக்காதவர். ஜீனும் ஏமாற்றவேண்டும் என்று எழுதியிருப்பார் என்று சொல்லிவிட முடியாது. தன் கை தானாக எழுதுகிறது என்று அவரே நம்பியிருக்கலாம். ஹூடினியிடம் நிஜமான அமானுஷ்ய சக்தி இருக்கிறது, அதை அவர் மறைக்கிறார் என்றுகூட டாயில் கடைசிவரை நம்பினார்.

ஹோம்ஸ் மட்டும் மாறவில்லை

1925-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேவுக்கு அருகே ஆவியுலகப் புத்தகக்கடை திறந்தார். ஊர் ஊராக, நாடு நாடாகப் போய்ப் பேசினார். 'தி லாஸ்ட் வேர்ல்டு' நாயகன் பேராசிரியர் சேலஞ்சரை 1926-ல் வந்த நாவலில் ஆவி நம்பிக்கைக்காரராகவே மாற்றிவிட்டார். ஆனால், ஹோம்ஸை மட்டும் தொடவில்லை. 1924-ல் வந்த ரத்தக்காட்டேரிக் கதையில்கூட ஹோம்ஸ் பேயை வாசலிலேயே நிறுத்திவிட்டு, மனிதக் காரணத்தைத்தான் தேடுகிறார். தன் நம்பிக்கைக்காகப் பணம், பெயர், நண்பர்கள் எல்லாவற்றையும் பணயம் வைத்தவர், வாசகர்களுக்குச் சொந்தமான ஹோம்ஸைப் பணயம் வைக்கவில்லை. மைதானத்து நேர்மை இங்கும் கூடவே வந்தது என்றுதான் தோன்றுகிறது.

1930 ஜூலை 7-ல் கிரௌபரோவில் உள்ள வீட்டில் டாயில் இறந்தார். ஆறு நாள் கழித்து லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நினைவுக்கூட்டம். ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். மேடையில் ஜீனுக்குப் பக்கத்தில் அவருக்காக ஒரு காலி நாற்காலி. அவர் வந்துவிட்டதாகச் சொன்னார் மேடையிலிருந்த மீடியம். கூட்டத்தில் பலர் நம்பினார்கள்.

நம்பாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 1920-களின் கடைசியில், அப்போதுதான் வந்திருந்த பேசும் சினிமாவுக்காக டாயிலைத் தோட்டத்தில் உட்காரவைத்துப் படம்பிடித்தார்கள். சுமார் பத்து நிமிடம். நாயோடு நடந்துவந்து, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் ஹோம்ஸ் எப்படிப் பிறந்தார் என்று சொல்கிறார். பிறகு ஆவிகளைப் பற்றி. இன்றைக்கும் இணையத்தில் பார்க்கலாம். இறந்தவர்களின் குரலைத் தேடி அலைந்த மனிதரின் குரல், ஸ்காட்லாந்து வாசனையோடு, அதில் தெளிவாகக் கேட்கிறது.